சேவுகன் சொல்லும் தோது

சேவுகனிடம் போய் ஓர் ஆளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நல்லவன் என்றும் சொல்லமாட்டார், கெட்டவன் என்றும் சொல்லமாட்டார். கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பார். பிறகு "தோதுப்படும்" என்பார். இல்லாவிட்டால் "தோதுப்படாது" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் நமக்கு நாக்கு வறண்டுவிடும். நானோ மைக் பிடித்துப் பிழைக்கிறவன். ஒரு வார்த்தை போதும் என்கிற இடத்தில் பத்து வார்த்தை பேசினால்தான் எனக்குச் சோறு. இப்படிப்பட்ட ஆட்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் கவியரசன். புதுக்கோட்டையில் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். குறித்த எல்லை வரை ஓடித் திரும்புகிற மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் நடக்கிற நாட்களில், வண்டிகளுக்கு முன்னால் ஜீப்பில் நின்றபடி யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போகிற ஆள் நான்தான். எங்கள் மாவட்டத்தில் கோயில் திருவிழா என்றால் பந்தயமும் உண்டு. அதனால் எனக்கு மாட்டுக்காரர்கள் எல்லாரையும் தெரியும். சேவுகனையும் அப்படித்தான் தெரியும்.

அரிமளம் பக்கம் அவருடைய கிராமம். அடுத்தவர் டிராக்டரை ஓட்டுகிறார். உழவு இல்லாத நாட்களில் செங்கல் ஏற்றுவார், மணல் ஏற்றுவார். மனைவி ரஞ்சிதா அங்கன்வாடியில் சமைக்கிறாள். அவர்களிடம் ஒரு பந்தய மாடு இருக்கிறது, சாம்பல் நிறத்து மயிலைக்காளை. ஒன்றே ஒன்றுதான்.

வண்டிக்கு இரண்டு மாடு வேண்டுமே, ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பந்தய மாடு சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு இரண்டை வளர்க்க எல்லாராலும் முடியாது. அதனால் இந்த ஊர்க்காரரின் ஒரு மாடும் அந்த ஊர்க்காரரின் ஒரு மாடும் ஒரே நுகத்தில் பூட்டப்படும். ஜெயித்தால் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து நான் அறிவிப்பேன். சில ஜோடிகள் ஒரு பந்தயத்தோடு பிரிந்துவிடும். சில ஜோடிகள் வருஷக்கணக்கில் ஓடும். எந்த மாட்டோடு எந்த மாடு சேரும் என்பதில்தான் இந்த விளையாட்டின் பாதி இருக்கிறது.

தோது என்ற சொல் சேவுகனுக்கு மட்டும் சொந்தமில்லை. எங்கள் பக்கத்தில் எல்லார் வாயிலும் புழங்குவதுதான். பஸ்ஸில் கண்டக்டர் "அங்கிட்டுத் தோதா உக்காருங்க" என்பார். அரிவாள் வாங்கப் போனால் கைக்குத் தோதாக இருக்கிறதா என்று நாலு தடவை வீசிப் பார்ப்பார்கள். ஒரு டாக்டரின் மருந்து கேட்கவில்லை என்றால் டாக்டரைத் திட்டமாட்டார்கள். "அவரு மருந்து எனக்குத் தோதுப்படல" என்று சொல்லிவிட்டு அடுத்த டாக்டரிடம் போவார்கள். கல்யாணப் பேச்சு முறிந்தாலும் அதே சொல்தான். யார் மேலும் குற்றம் இல்லாமல், யார் மனமும் நோகாமல் விலகிக்கொள்ள அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

பாந்தம் என்று ஒரு சொல்லும் இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பாந்தம், பார்க்கிறவர் கண்ணுக்கு. தோது, கூட இருக்கிறவர் உடம்புக்கு. மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக நிற்கிற மாப்பிள்ளையும் பெண்ணும் பாந்தமாக இருக்கிறார்கள் என்று முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் சொல்லிவிடலாம். தோதா இல்லையா என்பதைக் கொஞ்ச காலம் கழித்து அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கல்யாணம் என்றதும் ரஞ்சிதாவின் கோபம் ஞாபகத்துக்கு வருகிறது. ரஞ்சிதாவைப் பெண் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று, சேவுகனின் அக்கா "பொண்ணு எப்புடிடா?" என்று கேட்டிருக்கிறார். இவர் வழக்கம்போலத் தரையைப் பார்த்துவிட்டு "தோதுப்படும்" என்று சொல்லியிருக்கிறார். அந்த அக்கா அதைப் பெருமையாக ரஞ்சிதாவிடமே சொல்லிவிட்டார். அவர்கள் பையனுக்குக் காலேஜ் போகிற வயது வந்துவிட்டது, ரஞ்சிதாவுக்கு அந்தக் கோபம் மட்டும் ஆறவில்லை.

"அழகுன்னு சொல்ல வேணாம்ணே. புடிச்சிருக்குன்னாவது சொல்லக் கூடாதா? டிராக்டருக்கு டயரு பாத்துட்டு வந்த மாதிரியில்ல சொல்லியிருக்காரு" என்று என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நான் சிரித்தால் இன்னும் கோபம் வரும்.

சேவுகனின் மாட்டுக்கு ஜோடி கிடைத்தது ஒரு விபத்துப் போலத்தான். ஆவுடையார்கோவில் பக்கத்தில் ஒரு பந்தயம். சேவுகனோடு ஜோடி சேர்ந்திருந்தவரின் மாடு அன்று காலையில் நொண்டிக்கொண்டு நின்றது. அதே நேரம் சூசைராஜ் என்பவரின் ஜோடி மாட்டை ஏற்றிவந்த வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. இரண்டு ஒற்றை மாடுகள், கொடி அசைக்கப் போகிற நேரம். "ரெண்டு பேரும் சேந்து பூட்டுங்கப்பா, சும்மா திரும்பிப் போகாதீங்க" என்று விழாக் கமிட்டியார் சொன்னார்கள்.

சூசைராஜ் கடலோரத்துப் பக்கம். ஐஸ் பெட்டி வைத்த வண்டியில் மீன் வியாபாரம். சேவுகனுக்கு நாலைந்து வயது மூத்தவர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். மாட்டிடம் பேசுவார், வண்டிச் சக்கரத்திடம் பேசுவார், ஆள் இல்லாவிட்டால் மாதாவிடம் பேசுவார். அவருடைய காளை செவலை நிறம், மயிலையைவிட ஒரு சாண் குட்டை, நின்ற இடத்தில் நிற்காது. இரண்டையும் பூட்டி நிறுத்தியபோது நான் மைக்கில் "அண்ணனும் தம்பியும் வாராங்க, தம்பி இன்னும் பள்ளிக்கூடம் போகல" என்று கேலி செய்தேன். கூட்டம் சிரித்தது. பாந்தம் என்று பார்த்தால் அந்த ஜோடி பத்துப் பைசா பெறாது.

ஓடும்போதுதான் பார்த்தேன். ஒரு பாலத்தருகே எவனோ வெடியைக் கொளுத்திப் போட்டான். செவலை மிரண்டு ரோட்டை விட்டு இறங்கப் பார்த்தது. வலப்பக்கம் ஓடிய மயிலை வேகத்தைக் குறைக்கவில்லை, கழுத்தை மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டது. அவ்வளவுதான். செவலை ஒழுங்காகிவிட்டது. திரும்பி வருகிற வழியில் மயிலை சோர்ந்தபோது செவலை துள்ளி இழுத்தது. இரண்டாவது பரிசு வாங்கினார்கள். தண்ணீர் காட்டும்போது சேவுகன் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். "எப்புடிங்க நம்ம ஜோடி?" என்று நான் மைக்கை நீட்டினேன்.

"தோது" என்றார். அவ்வளவு பெரிய ஒலிபெருக்கியில் அந்த ஒற்றைச் சொல்தான் போயிற்று.

அதற்குப் பிறகு அந்த ஜோடி போகாத பந்தயம் இல்லை. வாரத்தில் ஒரு நாள் மயிலை சூசைராஜ் வீட்டுக்குப் போகும், அல்லது செவலை சேவுகன் வீட்டுக்கு வரும். சேர்த்துப் பூட்டிப் பழக்கம் விடுவார்கள். மாடுகள் ஒன்றுக்கொன்று அப்படிப் பொருந்திப்போயின. மனிதர்கள்தான் பொருந்தவில்லை. சூசைராஜ் பாசத்தோடு வெள்ளிக்கிழமை பார்த்து வஞ்சிரம் கொண்டுவந்து நீட்டுவார், சேவுகன் வீட்டில் வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது. சேவுகன் கூளம் அள்ளிப் போட்டால் சூசைராஜ் அதைத் தள்ளிவிட்டுப் பேரீச்சம்பழம் வைப்பார். ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார், மற்றவர் எழுந்து போய்விடுவார். சூசைராஜின் மகள் பிளெஸ்ஸியும் ரஞ்சிதாவும்தான் போனில் பேசிப் பேசி இரண்டு பக்கத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பிளெஸ்ஸி அறந்தாங்கியில் ஒரு லேபில் வேலை பார்க்கிற பெண். ரஞ்சிதாவைச் சித்தி என்று கூப்பிடும்.

போன வருஷம் மாசித் திருவிழாவில் முதல் பரிசு. அந்தச் சந்தோஷத்தில் சூசைராஜ் தன் ஊர் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு வாசலில் பெரிய பிளெக்ஸ் வைத்தார். வைத்தவர் சும்மா இருக்காமல் சேவுகனையும் ரஞ்சிதாவையும் விருந்துக்கு அழைத்தார். என்னையும் அழைத்தார். மூன்று பேரும் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம், பிளெக்ஸ் எதிரே நின்றது.

அதில் சூசைராஜ் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் செவலை, கழுத்தில் மாலையோடு. செவலைக்கு வலப்பக்கம் ஒரு கொம்பின் நுனியும் ஒரு காதும் மட்டும் தெரிந்தன. மயிலை இல்லை. பிளெக்ஸ் அடித்தவன், இடம் போதவில்லை என்று மயிலையை வெட்டிவிட்டான். அந்த இடத்தில் ஒரு புறா பறந்துகொண்டிருந்தது.

சூசைராஜ் ஓடி வந்தார். "தம்பி, அது பிளெக்ஸ்காரப் பய பண்ணுன வேலை. நான் முழுப் போட்டோதான் அனுப்புனேன். ராத்திரிதான் கட்டுனாங்க, காலைலதான் நானே பாத்தேன். வேற அடிக்க நேரமில்ல..." என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தன் பெயரை விட்டிருந்தால்கூட சேவுகன் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். மாட்டை வெட்டியதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காதையும் கொம்பையும் பார்த்தபடி நின்றார்.

"தோதுப்படாது" என்றார். திரும்பி நடந்தார். பிரியாணி அண்டாவைத் திறந்து வைத்திருந்தார்கள், வாசனை ரோடு வரைக்கும் வந்தது. நானும் நடக்க வேண்டியதாயிற்று.

சேவுகனின் வாயில் அந்தச் சொல் கோபமாக வந்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். மற்ற நாட்களில் அது ஒரு தராசு. பார்த்து, நிறுத்து, பிறகுதான் சொல்வார். அதனால்தான் எல்லாரும் மதித்தார்கள். மாடு வாங்கப் போகிறவர்கள் இவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒருமுறை சொன்னதை மாற்றிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அன்று எதையும் நிறுக்காமல் வீசிவிட்டார். வீசியதை எடுத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

செய்தி தெரிந்ததும் புதுக்கோட்டை ஆனந்தராஜ் காரில் வந்து இறங்கினார். போர்வெல் வண்டிகள் வைத்திருப்பவர். அவரிடம் ஒரு மயிலைக்காளை இருந்தது. சேவுகனின் மாட்டுக்குக் கூடப்பிறந்தது மாதிரி அதே நிறம், அதே உயரம், அதே கொம்பு. "ரெண்டையும் சேத்துப் பூட்டுனா எப்புடி இருக்கும் பாருங்க" என்றார். பூட்டினார்கள். இரண்டு கண்ணும் போதாது, அப்படி ஒரு பாந்தம். நானே மைக்கில் பொறாமைப்பட்டுப் பேசினேன்.

கொடி அசைந்ததும் இரண்டும் நுகத்தைத் தன் தன் பக்கம் இழுத்தன. இது இழுத்தால் அது விட்டுக்கொடுக்கவில்லை, அது முந்தினால் இது தணியவில்லை. வண்டி ரோட்டில் நெளிந்து நெளிந்து போயிற்று. கடைசிக்கு முந்தின இடம். அடுத்த பந்தயத்தில் கடைசி இடம். நுகம் உராய்ந்து மயிலையின் பிடரியில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. ஆனந்தராஜ் நல்ல மனிதர், ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. தன் மாட்டை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மயிலை சரியாகத் தின்பதில்லை. கொட்டகையில் நடு முளையில் கட்டினாலும் வலப்பக்கச் சுவரோரமாக ஒதுங்கியே நின்றது. இடப்பக்கம் ஒரு மாடு நிற்கிற இடம் எப்போதும் காலியாக இருந்தது. ரஞ்சிதாதான் அதைக் கவனித்தாள். சேவுகனிடம் சொன்னாள். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்று சாப்பிடவில்லை.

"போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன். கொறஞ்சா போயிருவீங்க?"

"சொன்னது சொன்னதுதான்" என்று படுத்துக்கொண்டாராம்.

இந்தத் தை மாதம் பிளெஸ்ஸியிடமிருந்து ரஞ்சிதாவுக்குப் போன் வந்தது. "சித்தி, அப்பா செவலையக் குடுக்கப் போறாக. தேனிப் பக்கத்துல இருந்து ஒருத்தரு வந்து பாத்துட்டுப் போனாரு. நாளைக்குக் காலைல கயிறு மாத்துறாக. அப்பா ரெண்டு நாளா யார்கூடவும் பேசல. எனக்குப் பயமா இருக்கு."

கயிறு மாற்றுவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றை விற்பதில்லை. வாங்க வருகிறவர் புதுக்கயிறு கொண்டுவருவார். பழைய கயிற்றை அவிழ்த்து மாட்டுக்காரர் தன் வீட்டில் வைத்துக்கொள்வார். புதுக்கயிறு ஏறிவிட்டால் மாடு அடுத்தவருடையது. பழைய கயிறு கழுத்தில் இருக்கிற வரைக்கும் பேசுவதற்கு இடம் உண்டு. தேனிக்குப் போய்விட்ட மாட்டைத் திரும்பப் பார்க்க முடியாது. அந்த ஜோடி அதோடு முடிந்தது.

ரஞ்சிதா என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, காலைல மாட்ட ஏத்திக்கிட்டு அங்க போறோம். அவருக்குப் பேச்சு வராது. நீங்க வந்து பேசிக் குடுங்க."

"சேவுகன் வாராரா?"

"வரலைன்னா நானே ஏத்திட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

விடிந்ததும் போனேன். வாசலில் டாடா ஏஸ் நின்றது. அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். கொட்டகையிலிருந்து மயிலையைப் பிடித்துக்கொண்டு அவரே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. மாட்டை ஏற்றி, தானும் பின்னால் ஏறி நின்றுகொண்டார். நானும் ரஞ்சிதாவும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். வழி நெடுக நான் பேச வேண்டியதை மனதில் அடுக்கிக்கொண்டே வந்தேன். நட்பு, பெருந்தன்மை, மாட்டின் கண்ணீர் எல்லாம் அதில் இருந்தது. சொன்னால் கல்லும் கரையும் என்று எனக்கு நம்பிக்கை.

சூசைராஜ் வீட்டு வாசலில் ஏற்கெனவே ஒரு வண்டி நின்றது. வேப்பமரத்தடியில் செவலை. பக்கத்தில் தேனிக்காரர், வெற்றிசெல்வன் என்று பெயர், வெள்ளை வேட்டியும் தோளில் புதுக்கயிறுமாக நின்றார். அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். சூசைராஜ் பழைய கயிற்றின் முடிச்சில் கை வைத்திருந்தார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் கை நின்றது.

"வாங்க" என்றார். அவ்வளவுதான். அந்த வாயிலிருந்து ஒற்றைச் சொல் மட்டும் வந்தது அன்றுதான்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் போனேன். "அண்ணே, நான் என்ன சொல்ல வாரேன்னா..."

"மைக்குக்காரரே, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. தோதுப்படாதுன்னு ஊரு முன்னால சொன்னது நீங்க இல்ல. சொன்ன வாயி சொல்லட்டும்."

என் பேச்சு அங்கேயே செத்தது. இன்றுவரை அதை எங்கேயும் பேச வாய்ப்பு கிடைக்கவில்லை.

இதற்குள் பின்கதவைத் திறந்திருந்தார்கள். மயிலை இறங்கியது. சேவுகன் கயிற்றைப் பிடித்திருந்தார், அது அவரை இழுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போயிற்று. செவலையைச் சுற்றிக்கொண்டு அதன் வலப்பக்கம் வந்து நின்றது. செவலை முகர்ந்து பார்த்தது. பிறகு மயிலையின் பிடரியில் புண்ணைச் சுற்றி நக்க ஆரம்பித்தது.

சேவுகன் தரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இன்றைக்கும் ஒரு வார்த்தையோடு நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். நிமிர்ந்தார்.

"சூசையண்ணே, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. எனக்குக் கோவம். கோவம்னு சொல்லியிருக்கணும். அந்த வார்த்தையச் சொல்லியிருக்கக் கூடாது."

"அந்த வார்த்தையில அப்புடி என்னய்யா இருக்கு?" என்றார் சூசைராஜ். "எல்லாத்துக்கும் அதையே சொல்ற. ஒரு வருசமா அது எம் மண்டைக்குள்ளயே கெடக்கு. அதுக்கு என்னதான் அர்த்தம்? சொல்லு."

சேவுகன் மயிலையின் பிடரியைக் காட்டினார்.

"நொகம் கழுத்துல இருக்கும்ணே. ஆனா மாட்டுக்கு அது கனக்கக் கூடாது. பக்கத்து மாடு கொஞ்சம் எடுத்துக்கும், இது கொஞ்சம் எடுத்துக்கும். யாரு எம்புட்டு எடுத்தாங்கன்னு ரெண்டுக்குமே தெரியாது. கேட்டுக்கவும் கேட்டுக்காது. அதைத்தான் நான் தோதுங்கிறேன். செவலை பக்கத்துல ஓடுன நாள்ல எம் மாட்டுக்குக் கழுத்து ஒரு நாளும் புண்ணானதில்ல. இப்பப் பாருங்க, எப்புடி இருக்குன்னு. எங்க போயித் தேடுவேன் இன்னொண்ண? குடுக்காதீங்கண்ணே."

அந்த மனிதர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. ரஞ்சிதாவும் கேட்டிருக்கமாட்டாள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றாள்.

சூசைராஜ் முடிச்சிலிருந்து கையை எடுத்தார். "தேனிக்காரருக்கு வாக்குக் குடுத்துட்டேனேய்யா" என்றார் மெதுவாக.

எல்லாரும் வெற்றிசெல்வனைப் பார்த்தார்கள். அவர் இரண்டு மாடுகளையும் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார். விவரம் தெரிந்த பந்தயக்காரர். "நான் இது ஓடுன வீடியோ எல்லாம் பாத்துட்டுத்தான் வந்தேன். அத்தனையிலயும் இந்த மயிலைதானே பக்கத்துல ஓடுது" என்றார். "ஒண்ணு செய்யுங்க. ரெண்டையும் எனக்கே குடுத்துருங்க. பிரியாம இருக்கும்."

"இல்லீங்க" என்றார் சேவுகன். "அது மட்டும் கேக்காதீங்க" என்றார் சூசைராஜ். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அந்த இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை முதல்முறையாகப் பார்த்தேன்.

தேனிக்காரர் சிரித்துவிட்டார். "அப்ப ஒத்தையா எனக்குத் தோதுப்படாதுங்க. நீங்க வாக்குத் தவறல, நான்தான் வேணாங்கிறேன்" என்று புதுக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டார். அந்தப் பெரிய மனதுக்காக அவரைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினோம். விட்டுப்போன பிரியாணிக்குப் பதிலாக எனக்கும் அன்று மீன்குழம்பு கிடைத்தது.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் உள்ளே சண்டைச் சத்தம். புண் ஆறுகிற வரைக்கும் மயிலை இங்கேயே செவலையோடு நிற்கட்டும் என்று முடிவாகியிருந்தது. அதற்கு என்ன போடுவது என்பதில் தகராறு. பேரீச்சம்பழம் வைத்தே தீருவேன் என்கிறார் இவர். பழம் வைத்தால் இப்போதே ஏற்றிக்கொண்டு போய்விடுவேன் என்கிறார் அவர். பிளெஸ்ஸி வந்து இரண்டு பேரையும் அதட்டியது. ஜோடி சேர்ந்தது மாடுகள்தான், மனிதர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் சூசைராஜ் பழையபடி மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார், அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

திரும்பும்போது வண்டி காலி. சேவுகன் வந்தது போலவே பின்னால் ஏறி, மயிலை நின்ற இடத்துக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச தூரம் போனதும் ரஞ்சிதா டிரைவரிடம் "தம்பி, நிப்பாட்டுங்க" என்றாள். இறங்கினாள். பின்னால் போய் ஏறி அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே இருந்த சின்னக் கண்ணாடி திறந்திருந்தது. அதைத் திறந்து வைத்தது நான்தான்.

ஆவுடையார்கோவில் கோபுரம் தெரிய ஆரம்பித்தபோது ரஞ்சிதாவின் குரல் வந்தது.

"என்னையப் பாத்துட்டு வந்து ஒங்க அக்காகிட்ட ஒண்ணு சொன்னீங்களே. அதுவும் இதே அர்த்தத்துலதானா?"

"வேற அர்த்தம் எனக்குத் தெரியாது."

"அப்ப இத அன்னைக்கே முழுசாச் சொல்லியிருக்கலாம்ல? இம்புட்டு வருசம் நான் கோவிச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்க வேணாம்ல?"

"அன்னைக்கு எனக்கு எப்புடித் தெரியும்? தோதுப்படும்னு தோணுச்சு, சொன்னேன். பட்டுச்சா இல்லையான்னு இருந்து பாத்துல்ல சொல்லணும்."

"இருந்து பாத்தாச்சுல்ல. இப்பச் சொல்லுங்க."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் தரையைப் பார்த்திருப்பார்.

"எனக்கு எந்தக் கனமும் தெரியலை" என்றார்.

ரஞ்சிதா அழுதாள் என்று நினைக்கிறேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் வீட்டில் நான் எத்தனை வார்த்தை பேசுகிறேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் டக் டக் என்று விரல் தட்டியது. "அண்ணே, காது இங்கிட்டா இருக்கு? இத மைக்குல கிக்குல சொல்லிப்புடாதீங்க, ஆமா."

மைக்கில் சொல்லவில்லை. எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லையே.